ஒரு சாண் நாலு விரல்

தாசில்தார் ஒன்பதரைக்கு வந்துவிடுவார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பத்தேகாலாகியும் ஜீப் சத்தம் கேட்கவில்லை. சாமியானாவுக்கடியில் முன்வரிசையில் இரண்டாவது இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேதவல்லி மடியிலிருந்த சம்பங்கி மாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி வைத்தாள். ஈரம் புடவையில் இறங்கித் தொடை சில்லிட்டது, வருஷா வருஷம் இப்படித்தான் சில்லிடும், தண்ணீரில் போனவருக்காக இந்த ஈரத்தைப் பொறுக்கக்கூடாதா என்று நினைத்துக்கொள்வாள், அப்படி நினைத்து நினைத்தே முப்பத்தைந்து வருஷம் இதே இடத்தில், முதலில் பெஞ்சு போட்டார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்து மர நாற்காலி, இப்போது இரும்பு, ஆனால் இடம் ஒன்றுதான், முதல் நாற்காலி அண்ணன் துரைக்கண்ணுவுக்கு, இரண்டாவது அவளுக்கு. எதிரே தூண். கல்லேரிப்பட்டிலிருந்து கடல் எழுபது மைல். ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்க்காமலே செத்தவர்கள். அப்படிப்பட்ட ஊரின் ஏரிக்கரையில், சண்டைக்குப் போய்த் திரும்பாத பதின்மூன்று பேருக்காக நட்ட கருங்கல் தூணில், மார்பு உயரத்தில் ஒரு கப்பல் ஜன்னல் பதிந்திருந்தது. தடித்த பித்தளை வளையம், கீலில் தொங்கும் வட்டக் கண்ணாடி, கண்ணாடியில் ஒரு கீறல். தூணை ஊடுருவிக் குடைந்திருந்ததால் இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஏரி தெரியும், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும். கண்டக்டர்கள்கூட 'கண்ணாடித் தூண் இறங்கு' என்றுதான் கூவுவார்கள். கதை ஊருக்கே மனப்பாடம். நாற்பத்திரண்டில் சிங்கப்பூர் பக்கம் ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கப்பல் பற்றி எரிந்தபோது கீழ்த்தட்டு அறையில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர், அவள் அண்ணனும் அவள் புருஷனும். புருஷன் சாரங்கபாணி, ஒல்லிக்குச்சியாக இருந்த மச்சானைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரில் தள்ளிவிட்டார். தான் வர முடியவில்லை. தோள் நுழையவில்லை. சிறை முகாமிலிருந்து திரும்பிய துரைக்கண்ணு, அந்தக் கப்பலை உடைத்த இடத்தில் தேடி அந்த ஜன்னலைக் கொண்டுவந்து தூணில் வைக்கச் சொன்னார். தோள் நுழையவில்லை. அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் முப்பத்தெட்டு வருஷம் இருந்திருக்கிறாள். கல்யாணமாகி அந்தத் தோளை அவள் பார்த்தது மொத்தம் ஐந்து மாசம், நடுவில் ஒரு லீவு, அவ்வளவுதான். இருபத்துமூன்று வயசில் வெறுங்கழுத்தானாள். ராத்திரி பகல் என்றில்லாமல் அந்தத் தோள் பித்தளை வளையத்தில் இடித்து இடித்து நிற்கும், இன்னும் கொஞ்சம், பக்கவாட்டில் திரும்புங்க, ஒரு கையை முதலில் விடுங்க என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொடுப்பாள், அவர் ஒருநாளும் வெளியே வந்ததில்லை.

நேற்று நாலு மணி பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். அப்படித்தான் இருந்தது அவளுக்கு. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறார், முப்பத்தைந்து முப்பத்தாறு வயசு, மடிப்புக் கலையாத சட்டை, தோளில் பெரிய பை, இடது காதுமடல் கொஞ்சம் மடங்கினாற்போல. முறம் சாய்ந்து உளுந்து கொட்டியது. "வேதவல்லி அத்தைங்களா?" என்றான் அவன். "நான் ஈப்போவிலேர்ந்து வரேங்க. மலேசியா. பேரு குணசேகரன். பாணியோட மகன். அப்பா போன ஆவணியில தவறிட்டாரு. ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கு, போய்ச் சொல்லிடுன்னு கடைசியா சொன்னாரு." தங்கச்சி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் துக்கம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தி அவள் கையைப் பிடித்தான், அந்தக் கையும் அதே கைதான், கட்டைவிரல் அகலம். பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தான். ரப்பர் மரங்களுக்கு முன்னால் தலை நரைத்த ஒருவர், பக்கத்தில் பூப்போட்ட புடவையில் ஒரு பெண், சுற்றிலும் நாலு பிள்ளைகள். அந்த மனுஷரின் தோளைப் பார்த்தாள். வயசான தோள், சரிந்த தோள், எந்த வளையத்திலும் இடிக்காமல் அறுபத்துநாலு வயசுவரை சட்டை போட்டுக் கழற்றிய தோள். "அப்பாதான்னு தெரியுதா அத்தை?" "தெரியுது." "உங்களைப் பத்தி நெறைய பேசுவாருங்க. ஏரி மீனுல மாங்காய் போட்டு நீங்க வைக்கிற கொழம்பு. அம்மாவை அப்படியே வைக்கச் சொல்வாரு. அம்மா வச்சா, வேதா கை வரலன்னுவாரு. நாங்க சிரிப்போம்." அவள் எழுந்து போய் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். அது எப்படி முடிந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கை தானாகக் கல்லைப் போட்டது, மாவை ஊற்றியது, எண்ணெய் விட்டது. சாப்பிடும்போது அவன் கேட்டான், "ஏரிக்கரைத் தூண்ல நாலாவதா சாரங்கபாணின்னு ஒரு பேரு இருக்கே அத்தை, அப்பா பேரு மாதிரி. நம்ம சொந்தமா?" அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள், "தூரத்துச் சொந்தம்."

தூரத்துச் சொந்தம். அதை ஏன் சொன்னாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம், தோசையைத் தட்டோடு பிடுங்கியிருக்கலாம், தெருவில் நின்று அழுதிருக்கலாம். அவன் பாட்டுக்கு அத்தை அத்தை என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவன் என்ன செய்வான், யாரோ எங்கேயோ பொய் சொல்ல இவன் பிறந்திருக்கிறான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணன் வந்தார், மலேசியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படியில் தடியை ஊன்றி ஏறியவர் குணசேகரனைப் பார்த்ததும் நின்றார். வேதவல்லி காபி கலக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் அண்ணன் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார், எழுபதை நெருங்குகிற மனுஷர், அவ்வளவு வேகமாக அவர் நடந்து அவள் பார்த்ததில்லை. அப்போதே அவளுக்கு ஏதோ பட்டது. ஆனால் பட்டதைப் பிடித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. விடிந்ததும் வழக்கம்போலப் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு தூணுக்குப் போனாள், பித்தளை தேய்க்க, இந்த ஒரு நாளுக்கு அதை வேறு யார் கையிலும் அவள் விட்டதில்லை. தேய்த்தாள். பச்சை போய் மஞ்சள் வந்தது. கழுவித் துடைத்துவிட்டுக் கையை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. வளையத்தின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்துச் சாண் போட்டுப் பார்த்தாள். ஒரு சாண். மீதிக்கு விரல் வைத்தாள். நாலு விரல். ஒரு சாண் நாலு விரல். மறுபடி போட்டாள், குறுக்கே போட்டாள், வட்டம்தானே, எப்படிப் போட்டாலும் அதேதான். கண்ணாடியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள், போனது, கல் வாடை அடித்தது. ஒரு கையை விட்டாள். தோள் இடித்தது. பக்கவாட்டில் திரும்பினாள், புருஷனுக்கு அத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த மாதிரியே திரும்பினாள், அப்படியும் இடித்தது. அறுபத்தொரு வயசில் வற்றிப்போன பொம்பளை தோள், இதுவே நுழையவில்லை. பட்டாளத்துச் சோறு தின்ற இருபத்தாறு வயசு ஆம்பளை, ஒல்லிக்குச்சியாகவே இருக்கட்டும், அண்ணன் எப்படி நுழைந்தார்? சாரங்கபாணியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்ததில் அண்ணனின் தோளை யாரும் பார்க்கவில்லை. இல்லை, யாரும் என்று ஏன் சொல்ல வேண்டும், அவள் பார்க்கவில்லை, வருஷம் ஒரு தடவை என்று முப்பத்தைந்து தடவை இந்த வட்டத்தைத் தன் கையாலேயே தேய்த்தவள்.

இப்போது அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். தடியின் மேல் இரண்டு கையும், கைமேல் மோவாய். சட்டைப் பையில் மெடல். அவருக்கு வலது காது கேட்காது, குண்டுச் சத்தத்தில் போனது. அவள் எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவாள். "அண்ணா" என்றாள். அவர் திரும்பவில்லை. கேட்காத காது. பின்வரிசையில், மைக் செட்டுக்காரன் பக்கத்தில் குணசேகரன் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும், திரும்பிப் பார்க்காமலே முதுகில் தெரிந்தது, ஊர்த் திருவிழா பார்க்கிற மாதிரி சந்தோஷமாக உட்கார்ந்திருப்பான். வேதவல்லி எழுந்தாள். நாற்காலியைத் தூக்கினாள், இரும்பு தரையில் இழுபட்டுக் கிறீச்சிட்டது, நாலு பேர் பார்த்தார்கள், அண்ணனைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஜன்னல் வழியா யாருண்ணா வந்தது?"

"நீ கேப்பேன்னு நேத்தே தெரியும் வேதா. அந்தப் புள்ள மூஞ்சியப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு."

"யாரு வந்தது?"

"யாரும் வரல. மேல்தட்டுலேர்ந்து கயிறு போட்டாங்க. ரெண்டு பேரும் அதைப் புடிச்சுத்தான் படகுல எறங்கினோம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்." குரல் இறங்கியிருந்தது, ஆனால் நடுங்கவில்லை, எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த மாதிரி வந்தது. "கரைக்கு வந்து பத்து நாள் கூடத்தான் இருந்தான். ஊரு ஜப்பான்காரன் கைக்குப் போகப் போவுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு சட்டையக் கழட்டிப் போட்டுட்டு எஸ்டேட்டு ஆளுங்களோட நடந்துட்டான். என்னையும் கூப்பிட்டான், நான் போகல. சண்டை முடிஞ்சதும் தேடிக்கிட்டுப் போனேன். பொண்டாட்டியோட இருந்தான். வேதா கிட்ட செத்துட்டேன்னு சொல்லிடுன்னான். செத்துட்டான்னுதான் சொன்னேன். அதோட விட்டிருப்பேன். எப்படிடா செத்தான், எப்படிடா செத்தான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"இந்தக் கண்ணாடி?"

"மெட்ராஸ்ல ஹார்பர் பக்கம் பழைய இரும்புக்கடை. எந்தக் கப்பலோடதோ."

எந்தக் கப்பலோடதோ. சம்பங்கி வாசனை திடீரென்று மூக்கில் குப்பென்று ஏறியது. புளி போட்டுத் தேய்த்தது எந்தக் கப்பலையோ. விழுந்து கும்பிட்டது எந்தக் கப்பலையோ. அம்மா சாகிற நாள்வரை அந்த வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் வேதவல்லி. அண்ணன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "யாருக்கும் தெரியாது. சத்தியமா. நான் ஒருத்தன்தான். என்னைக் கொளுத்தும்போது அதுவும் சேர்ந்து எரிஞ்சிடும்னு இருந்தேன்." அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது, இப்படிக்கூட ஒரு ஆறுதல் வருமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவள் ஒருத்தி மட்டும் ஏமாறவில்லை. ஊரே ஏமாந்திருக்கிறது. ஊர்ப் பெண்கள் கல்யாணப் பத்திரிகையை முதலில் தூணுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள், அவர்களும் ஏமாந்தவர்கள்தான், தன்னோடு கூட இத்தனை பேர்.

ஆனால் வரதன் வந்தானே. நினைவு அங்கே போய்த் தட்டி நின்றது. நாற்பத்தொன்பது, தூண் திறந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. மாமன் மகன் வரதன், ஆரணியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன், இரண்டு தடவை வந்தான். முதல் தடவை அம்மாவிடம் கேட்டான், இரண்டாவது தடவை நேராக அவளிடமே கேட்டான், கிணற்றடியில், "நான் உன்னை வச்சுக் காப்பாத்துவேன் வேதா, ஊரு பேசறது எனக்குப் பெருசில்ல" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவளுக்கு இருபத்தாறு வயசு. உள்ளே எங்கேயோ ஒரு இடம் சரி என்று சொன்னது, அந்த இடத்தை அவள் இன்றைக்கும் தொட்டுக் காட்ட முடியும், விலாவுக்குக் கீழே. ஆனால் தோள். தண்ணீருக்குள்ளே தோளை இடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்கும்போது இன்னொருத்தன் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்காருவதா. முடிவு பண்ண முடியாமல் அண்ணனிடம்தான் போனாள். அவர் அப்போது பஞ்சாயத்துத் தலைவர், தூண் திறந்த கையோடு ஊரே சேர்ந்து நிறுத்தி ஜெயிக்கவைத்தது. அண்ணன் என்ன சொன்னார் என்பது ஒரு எழுத்து மாறாமல் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. "உன் இஷ்டம் வேதா. அவன் உசிர எனக்காகக் கொடுத்தவன். நான் எந்த வாயால சரின்னு சொல்ல, எந்த வாயால வேணாம்னு சொல்ல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துத்தான் அவள் வரதனை வேண்டாம் என்று சொன்னாள். தெரிந்துகொண்டே துடைத்தார். அங்கே ஈப்போவில் புருஷன்காரன் மாங்காய் போட்ட குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், இங்கே இவர் கண்ணைத் துடைக்கிறார். புருஷன் போனதைக்கூட ஒரு மாதிரி விளங்கிக்கொள்ளலாம், பயந்தான், ஓடினான், ஓடினவன் திரும்பவில்லை, ஆம்பளைகள் ஓடுவார்கள். அண்ணன் ஓடவில்லையே, கூடவே இருந்தார், பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு வெள்ளைப் புடவை எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே இருந்தார். வரதன் அப்புறம் எங்கேயோ பெண் எடுத்தான், பிள்ளைகள் பிறந்தன, போன வருஷம் பஸ்ஸில் பார்த்தபோது தலை முழுக்க வழுக்கை, "நல்லா இருக்கியா வேதா" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தான்.

ஜீப் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். தாசில்தார் சின்ன வயசுக்காரர், வெளியூர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நேரமாகிவிட்டதற்கு வருத்தம் சொன்னார். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்துக் கதையை ஆரம்பித்தார், தீ, புகை, கீழ்த்தட்டு அறை, மச்சானின் இடுப்பைப் பற்றித் தூக்கிய கைகள், நுழையாத தோள். அந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார், இன்றைக்கும் நிறுத்தினார். பிறகு, "அந்த வீரரின் துணைவியார் வேதவல்லி அம்மாள் இப்போது மாலை அணிவிப்பார்கள்" என்றார். வேதவல்லி எழுந்தபோது அண்ணன் அவள் புடவை முந்தானையைப் பிடித்தார், சின்ன வயசில் தெருவைக் கடக்கும்போது பிடிப்பாரே, அப்படி. அவள் பிடுங்கவில்லை, நடந்தாள், முந்தானை தானாக விடுபட்டது. வருஷா வருஷம் மாலை போட்டதும் மைக்கை நீட்டுவார்கள், அவள் வணக்கம் என்று ஒரு வார்த்தை சொல்வாள். இந்த வருஷம் மாலையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஹெட்மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை நீட்டினார். என்ன சொல்லப்போகிறோம் என்று அந்த நிமிஷம்வரை அவளுக்கும் தெரியாது.

"இந்த நாலாவது பேரு தப்பா இருக்குது" என்றாள். ஒலிபெருக்கி அதை ஏரிவரைக்கும் கொண்டு போயிற்று. "இவர் நாப்பத்திரண்டுல சாகல. போன ஆவணியிலதான் செத்தாரு. ஈப்போவில. நாலு புள்ளைங்க இருக்காங்க."

சொன்ன பிறகுதான் குணசேகரன் ஞாபகம் வந்தது. அவன் பின்வரிசையில் எழுந்து நின்றுகொண்டிருந்தான், வாய் லேசாகத் திறந்திருந்தது, ஹெட்மாஸ்டர் சொன்ன துணைவியார் என்ற வார்த்தையும் இவள் சொன்னதும் அவன் முகத்தில் ஒன்றோடொன்று வந்து ஒட்டுவது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவனுக்குச் சற்றுமுன்வரை ஒரு அப்பா இருந்தார், அவரை அவள் இப்போதுதான் எடுத்துக்கொண்டாள், அவனுக்கும் நாம் இதைச் செய்துவிட்டோமே என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவள் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஊர் கொதிக்கப்போகிறது, பொம்பளைக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று யாராவது கத்துவார்கள், ஐயோ என்று யாராவது வாயில் அடித்துக்கொள்வார்கள், இத்தனை வருஷம் ஏமாந்தவர்கள் அல்லவா, அவர்களும் அவளோடு சேர்ந்து அழுவார்கள். சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள், தாசில்தார் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார், இளவட்டங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வேதவல்லி பெரியவர்களைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் தபால்காரர் பெருமாள், மலேசியாத் தபால்தலை ஒட்டிய கடிதம் எந்த வீட்டுக்கு வந்தாலும் கொண்டு கொடுத்தவர், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பழைய கர்ணம், குனிந்திருந்தார். அவளோடு ஒன்றாகத் தண்ணீர் எடுத்த பெண்கள், ஒன்றாக நாற்று நட்டவர்கள், வரதனை வேண்டாம் என்று சொன்ன அன்று அவளைக் கட்டிக்கொண்டு "நீதாண்டி பொம்பளை" என்று அழுத பட்டம்மாள், ஒரு தலைகூட நிமிர்ந்திருக்கவில்லை. அறுபது தாண்டிய அத்தனை பேரும் தரையில் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி தங்கள் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், யாருக்கும் தெரியாது, சத்தியமா என்று கொஞ்ச நேரம் முன்னால் சொன்ன அதே முகத்தோடு.

அவள் மாலையைத் தாசில்தார் முன்னாலிருந்த மேஜையில் வைத்தாள். படி இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே வந்தாள். இடம் நெருக்கமாக இருந்தது. "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். கிழவர்களும் கிழவிகளும் முழங்காலை மடக்கி வழி விட்டார்கள். வரிசை வரிசையாக விட்டார்கள், கடைசி வரிசைவரை, ஒருத்தரும் நிமிராமல்.